பொலிஸ் வரட்டும்; எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு?

லண்டனில் எங்காவது ஒரு பள்ளிக்கூடப் பெடியன் கத்திக்குத்தில் செத்தான் என்று செய்தி வந்தால், எங்கட வட்ஸ்அப் குழுக்கள் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், "பொலிஸுக்குக் கையைக் கட்டிப் போட்டிருக்கினம். கண்டபடி நிறுத்திச் செக் பண்ணினால் ஒருத்தனும் கத்தி தூக்கமாட்டான்" என்பார்கள். மற்றப் பக்கம், பெரும்பாலும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், "அங்கிள், நிறுத்துறது உங்களை இல்லை, எங்களை" என்று எழுதுவார்கள். பிறகு யாரோ ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துப் படம் போடுவார். கதை அதோடு முடியும்.

இரண்டு பக்கமும் "பொலிஸ் நடவடிக்கை" என்று ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறது. ஆனால் குற்றம் நடக்கமுன் தடுப்பதற்குப் பொலிஸ் செய்யும் வேலைகள் ஒரே மாதிரியானவை அல்ல. சில வேலை செய்கின்றன. சில செய்வதில்லை. சில வேலை செய்தாலும் பிறகு பெரிய கடனாகத் திரும்பி வருகின்றன. எது எது என்று தெரியாமல் கூட்டு, குறை என்று சத்தம் போடுவதில் பிரயோசனம் இல்லை.

முதலில் அளவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கத்தி சம்பந்தமாகப் பதிவாகும் குற்றங்கள் அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்கு 50 ஆயிரம் அளவில் நிற்கின்றன. கூரிய ஆயுதத்தால் கொல்லப்படுவோர் வருடத்துக்கு 200 பேர் அளவில். 2021ல் லண்டனில் மட்டும் 30 பதின்ம வயதினர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கத்தியால். அதன் பின் அந்தத் தொகை நன்றாகக் குறைந்திருக்கிறது. அது நல்ல செய்தி. குறைந்த தொகைக்குள்ளும் ஒரு பிள்ளை உங்கள் தெருப் பிள்ளையாக இருக்கலாம் என்பது வேறு விசயம்.

எங்களுக்கு இது புதுக்கதையும் இல்லை. 90களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஈஸ்ட்ஹாம், வால்தம்ஸ்ரோ, ரூட்டிங், வெம்பிளிப் பக்கம் தமிழ்க் குழுக்கள் வாளும் கோடரியுமாகத் திரிந்ததை மறந்துவிட்டு, "இதெல்லாம் கறுவல் பெடியளின்ர பிரச்சினை" என்று சொல்கிற பெரியவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கனடாவில் இருப்பவர்களுக்கும் தெரியும், 2001 அக்டோபரில் ரொறன்ரோவில் 'புரொஜெக்ட் 1050' என்ற பெயரில் எத்தனை தமிழ் வீடுகளின் கதவு விடியப்புறம் தட்டப்பட்டது என்று.

இப்போது நிறுத்திச் சோதிக்கும் விசயத்துக்கு வருவோம். இங்கே இதற்கு முக்கியமாக இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று 1984ம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டம். அதன்படி நிறுத்துவதற்கு நியாயமான சந்தேகம் வேண்டும். தொப்பி போட்டிருக்கிறான், கறுப்பாக இருக்கிறான், முந்தி ஒருமுறை பிடிபட்டவன் என்பதெல்லாம் தனியே காரணம் ஆகாது. மற்றது 1994ம் ஆண்டுச் சட்டத்தின் 60ம் பிரிவு. ஒரு இன்ஸ்பெக்டர் அல்லது அவருக்கு மேற்பட்டவர், இந்தப் பகுதியில் கடும் வன்முறை நடக்கலாம் என்று நம்பினால், ஒரு எல்லையைக் கீறி, முதலில் 24 மணித்தியாலம் வரைக்கும் அதற்குள் யாரையும் சந்தேகம் இல்லாமலேயே நிறுத்திச் சோதிக்க உத்தரவு போடலாம். வட்ஸ்அப் அங்கிள்மார் கேட்பது இந்த 60ம் பிரிவைத்தான், ஆனால் எல்லை இல்லாமலும் நேரக்கணக்கு இல்லாமலும்.

அப்படி ஒன்றைச் செய்து பார்க்காமல் இல்லை. 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் 'ஸ்வோம்ப் 81' என்ற பெயரில் சில நாட்களில் 900க்கும் மேற்பட்டவர்களைத் தெருவில் நிறுத்தினார்கள். அந்தக் கிழமையே பிரிக்ஸ்டன் எரிந்தது. ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கை அந்த நடவடிக்கையை நேரடியாகவே குறை சொன்னது. சரி, அது பழங்கதை, காலம் மாறிவிட்டது என்பீர்கள். 2008ல் 'ஒப்பரேஷன் பிளண்ட் 2' வந்தது. லண்டனில் சில நகரசபைப் பகுதிகளில் ஆயுதத்துக்கான சோதனைகள் ஒரே வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் கூடின. வேறு பகுதிகளில் அவ்வளவு கூட்டவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு உள்துறை அமைச்சே 2016ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொன்னது? கூட்டிய இடங்களில் குற்றம் கூடுதலாகக் குறைந்ததற்குக் கணக்கில் காட்டக்கூடிய அடையாளம் எதுவும் இல்லை. 2004 முதல் 2014 வரையான பத்து வருட லண்டன் தரவுகளை எடுத்துப் பார்த்து 2018ல் வந்த இன்னொரு ஆய்வும், பலன் இருந்தால் அது மிகச் சின்னது என்றுதான் முடித்தது.

இதற்கு விளக்கம் தேடிப் பெரிய தூரம் போகத் தேவையில்லை. நடக்கும் சோதனைகளில் அரைவாசிக்கு மேல் போதைப்பொருளுக்கானவை. அதிலும் பெரும்பாலும் ஒரு பெடியனின் பொக்கற்றில் கிடக்கும் கொஞ்சக் கஞ்சா. 60ம் பிரிவில் 100 பேரைச் சோதித்தால் கைதாகிறவர்கள் நாலைந்து பேர் அளவில்தான். மிச்சம் 95 பேரும் சும்மா வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் ஒரு எண்ணத்தோடு போகிறார்கள்.

என் அக்காவின் மகனுக்கு வயது 17. ஏ லெவல் ரியூசன் முடிந்து வரும்போது ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் நிறுத்தப்பட்டிருக்கிறான். மூன்று தரமும் கிடைத்தது கல்குலேட்டரும் பஸ் பாஸும். தாய்க்குச் சொல்லவில்லை, சொன்னால் ரியூசனுக்கு விடமாட்டா என்ற பயம். எனக்குத்தான் சொன்னான், அதுவும் சிரித்துக்கொண்டு. சிரிப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு சொன்ன விசயம்தான் நெஞ்சில் நின்றது. அவன் வகுப்புப் பெடியன் ஒருவன் சமையல் கத்தியைத் துவாயில் சுற்றிப் பையில் கொண்டு திரிந்தது இவனுக்கு இரண்டு கிழமையாகத் தெரியும். "ஏன்டா யாருக்கும் சொல்லேல்லை?" என்றேன். "ஆருக்கு, மாமா? என்னை நிறுத்தினவங்களுக்கோ?" என்றான்.

அந்தப் பெடியனின் கத்தியைப் பிறகு ஒரு ஆசிரியை கண்டுபிடித்தா. ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம்.

பொலிஸுக்குத் தெருவில் கத்தி கிடைப்பதைவிட தகவல் கிடைப்பது பெறுமதியானது. நிறுத்துகிற முறையால் அந்தத் தகவல் நின்று போகிறது என்றால், நூறு பேரைத் தடவி நாலு பேரைப் பிடித்ததில் லாபமா நட்டமா என்று கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். கறுப்பின மக்கள் வெள்ளையர்களைவிடச் சுமார் 4 மடங்கு அதிகமாக நிறுத்தப்படுகிறார்கள். 2023ல் வந்த கேசி அம்மையாரின் அறிக்கை லண்டன் பெருநகரப் பொலிஸை நிறுவனரீதியாக இனவாதம் கொண்டது என்று எழுதியது. 1993ல் எல்தமில் பஸ்ஸுக்கு நின்ற ஸ்டீபன் லோரன்ஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த மக்பெர்சன் அறிக்கை 1999ல் சொன்ன அதே சொல். இருபத்துநாலு வருடம் கழித்தும் அதே சொல். எங்கள் பிள்ளைகளின் நிறத்துக்கு நாங்கள் வீட்டில் என்ன பெயர் வைத்தாலும், இரவு ஏழு மணிக்குத் தெருவிளக்கின் கீழ் அது ஒரே நிறம்தான்.

ஆனாலும் நான் சோதனையே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. ஒரு தெருவில் குத்து விழுந்து, மற்றக் குழு பழிவாங்க வருகிறது என்ற தகவல் இருந்தால், அந்த இரண்டு மூன்று தெருவுக்கு அன்று இரவு 60ம் பிரிவு போடுவதை நான் எதிர்க்கமாட்டேன். இன்னாரிடம் கத்தி இருக்கிறது என்று தகவல் வந்து அவனை நிறுத்துவதையும் எதிர்க்கமாட்டேன். அவனுடைய தாயும் எதிர்க்கக்கூடாது. நிறுத்தும்போது 'கோ வைஸ்லி' என்று பொலிஸார் பயிற்சியில் படிக்கிற ஒழுங்கு ஒன்று இருக்கிறது: ஏன் நிறுத்துகிறேன், எதைத் தேடுகிறேன், என் பெயரும் நிலையமும் என்ன, எந்தச் சட்டத்தில் சோதிக்கிறேன், பதிவின் பிரதி எடுக்கும் உரிமை உனக்கு உண்டு என்பதையெல்லாம் சொல்லவேண்டும். சாதாரண உடுப்பில் வந்தால் அடையாள அட்டை காட்டவேண்டும். சோதனைக்காக மட்டும் நிறுத்தினால் பிள்ளை தன் பெயர், விலாசம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பதிவின் பிரதியை மூன்று மாதத்துக்குள் கேட்டு எடுக்கலாம். இதைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கலாம். ஆத்திசூடிக்குப் பிறகு சொல்லிக் கொடுத்தால் ஒளவையார் கோவிக்கமாட்டா.

இனி, வேலை செய்கிற முறை. கேட்டால் சப்பென்று இருக்கும். சீருடை போட்ட இரண்டு பொலிஸார், குறிப்பிட்ட ஒரு முடக்கில், குறிப்பிட்ட நேரத்தில், பதினைந்து நிமிடம் நடந்து திரிவது. அவ்வளவுதான்.

வன்முறை ஒரு நகரம் முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு கோழிக்கடை வாசல், ஒரு பூங்காவின் பின்பக்கக் கேற், இப்படிச் சில இடங்களில் குவிந்து கிடக்கும். அதிலும் சில மணித்தியாலங்களில்தான். அமெரிக்காவில் மினியாபோலிஸில் லோரன்ஸ் ஷேர்மனும் டேவிட் வைஸ்பர்டும் 1995ல் வெளியிட்ட சோதனை முடிவு இதைக் காட்டியது. அந்தச் சின்ன இடங்களில் பொலிஸ் தலைகாட்டக் குழப்பம் குறைந்தது. அங்கே குறைந்தால் அடுத்த தெருவுக்கு இடம் மாறும் என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. ஆனால் பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. சில வேளை பக்கத்துத் தெருக்களும் அமைதியாகின. இங்கே எசெக்ஸ் பொலிஸார் 2020ல் சவுத்எண்டில் 20 சின்ன இடங்களைத் தெரிந்து, எந்த நாளில் எந்த இடத்துக்குப் போவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவுசெய்து, நடந்து ரோந்து போனார்கள். ரோந்து போன நாட்களில் அந்த இடங்களில் வன்முறை பெரிய அளவில் குறைந்தது. யாரையும் சுவரோடு சாய்த்துத் தடவத் தேவை இருக்கவில்லை.

நேரம் என்றேன். ரோயல் லண்டன் மருத்துவமனைக்கு 2004 முதல் 2014 வரை குத்துக்காயத்தோடு வந்த 25 வயதுக்கு உட்பட்டவர்களின் பதிவுகளை வைத்து வைத்தியர்கள் செய்த ஆய்வு ஒன்று 2018ல் வந்தது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதிகம் குத்துப்படுவது நடுச்சாமத்தில் இல்லை. பள்ளிக்கூட நாட்களில், பின்னேரம் 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில்; அதுவும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிட்ட. அதாவது பள்ளிக்கூடம் விட்டு, நாங்கள் வேலையால் வருமுன். எங்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் கடைக் கல்லாவில் அல்லது செக்யூரிட்டி வேலையில் நிற்கிறோம்! பிள்ளை இரவு பத்து மணிக்கு வெளியே போனால் துடிக்கிறோம். நாலரை மணிக்கு எங்கே நிற்கிறது என்று தெரியாது.

கிளாஸ்கோவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனென்றால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் "கிளாஸ்கோ மாதிரிச் செய்யவேணும்" என்பார். 2004-05ல் ஸ்கொட்லாந்தில் 137 கொலைகள். ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்று கிளாஸ்கோவைப் பத்திரிகைகள் எழுதின. 2005ல் அங்கத்தைய பொலிஸே ஒரு வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கியது. கரின் மக்லஸ்கி, ஜோன் கார்னக்கன் என்ற இருவர் அதன் முன்னோடிகள். வன்முறையை ஒரு தொற்றுநோய் போலப் பார்க்கவேண்டும் என்றார்கள். 2008ல் குழுப் பெடியளை ஒரு நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்து இருத்தினார்கள். உங்கள் எல்லோரையும் எங்களுக்குத் தெரியும், ஒருவன் குத்தினால் குழு முழுவதுக்கும் பின்னால் வருவோம் என்று பொலிஸ் சொன்னது. ஒரு வைத்தியர் காயங்களைக் காட்டினார். ஒரு தாய் எழும்பித் தன் மகனுக்கு நடந்ததைச் சொன்னா. கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம்: விட்டு விலக விரும்பினால் அழை, படிப்பு, வேலை, வீட்டுப் பிரச்சினை எதுவானாலும் உதவி செய்கிறோம். பத்துப் பதினைந்து வருடத்தில் கொலைகள் பாதிக்கும் கீழே வந்தன.

ஆனால் கிளாஸ்கோவைச் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அதே காலத்தில் கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையை ஸ்கொட்லாந்து கூட்டியது. அதே காலத்தில் அந்தப் பொலிஸ் மிக அதிகமாக நிறுத்திச் சோதித்தும் வந்தது. அந்தச் சோதனைக்கு 2017ல்தான் ஒழுங்கான சட்டக்கோவை வந்தது. அதன் பின் சோதனைகள் குறைந்தும் கொலைகள் பழையபடி ஏறவில்லை. ஆக அன்பால் மட்டும் குறைந்தது என்பதும் தவறு, அடியால் மட்டும் குறைந்தது என்பதும் தவறு. என் கணிப்பில் முக்கியமானது ஆட்களைத் தெரிந்து வைத்திருந்தது. நகரம் முழுக்க நிறுத்தவில்லை. பெயர் தெரிந்த சில நூறு பேரோடு முகத்துக்கு முகம் பேசினார்கள்.

இதற்கிடையில் அரசாங்கம் கத்திகளைத் தடைசெய்கிறது. 2024 செப்டம்பரில் 'சொம்பி' கத்தி, 2025 ஓகஸ்டில் 'நிஞ்சா' வாள். நல்லது. ஆனால் கூரிய ஆயுதக் கொலைகளில் அதிகம் வருவது சாதாரணச் சமையல் கத்தி. எந்தச் சட்டம் போட்டு எங்கட குசினியைத் தடைசெய்வது! அதனால் தெருவில் வைக்கிற கத்தித் தொட்டிகளை நான் பெரிதாக நம்புவதில்லை. தொட்டியில் போட்டவன் இலாச்சியைத் திறந்தால் இன்னொன்று கிடக்கும். (கோயிலில் தேங்காய் வெட்டப் போன கத்தியை மாதக்கணக்கில் கார் டிக்கியில் விட்டு வைத்திருப்பவர்களும் கவனிக்கவும். பொது இடத்தில் நியாயமான காரணம் வேண்டும். போன மாதத் திருவிழா காரணம் ஆகாது.)

நிஞ்சா வாள் தடைக்கு 'ரோனன் சட்டம்' என்று பெயர். 2022ல் வுல்வர்ஹம்ப்டனில் 16 வயதுச் சீக்கியப் பெடியன் ஒருவன் ஆள்மாறாட்டத்தில், வீட்டுக்குக் கிட்ட வைத்துக் கொல்லப்பட்டான். கொன்றவனும் பதின்ம வயதுக்காரன்தான். தாயின் அடையாள விபரத்தைப் பாவித்து இணையத்தில் வாங்கிய வாள் அது. வீட்டுக்கு வருகிற பார்சலை "அமேசனாக்கும்" என்று பிரிக்காமல் பிள்ளையின் அறைக்குள் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் எங்களிடமும் இருக்கிறது.

இன்னொன்று, இது பொலிஸ் விசயம் இல்லைப் போலத் தெரியும், ஆனால் எங்களுக்கு இதுதான் பெரியது. கத்தியோடு பிடிபட்டால் உச்சத் தண்டனை 4 வருடம். வளர்ந்தவர் ஒருவர் இரண்டாம் முறை பிடிபட்டால் வழக்கமாக ஆகக் குறைந்தது 6 மாதம் சிறை. பிரித்தானியக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்தால் 2007ம் ஆண்டுச் சட்டப்படி நாடுகடத்தும் நடைமுறை தானாகவே தொடங்கும். குற்றவாளியாகத் தீர்க்கப்படும்போது 18 வயது ஆகாதவர்களுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பக் காசு கூட என்று பிள்ளைக்குப் பிரஜாவுரிமை எடுக்காமல் வருடக்கணக்காகத் தள்ளிப் போடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து. பெடியனுக்கு 18 முடிந்து ஒரு மாதத்தில் ஒரு முட்டாள்தனம் நடந்தால், அவனுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியாத நாட்டுக்கு அவனை ஏற்றுவார்கள்.

பொலிஸிடம் நேரே சொல்லப் பயம் என்றால் பெயர் சொல்லாமல் சொல்ல வழி இருக்கிறது. 'கிரைம்ஸ்டொப்பர்ஸ்' பொலிஸிலிருந்து வேறான ஒரு தொண்டு நிறுவனம். இளம் ஆட்களுக்கென்று 'ஃபியர்லெஸ்' என்ற சேவையும் வைத்திருக்கிறது. மருமகனுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இது ஓகே" என்றான். அவன் வாயில் அது பெரிய சான்றிதழ்.

லண்டனில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பொலிஸ் குழு இருக்கிறது. அந்தக் குழு எதற்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று முடிவுசெய்ய, அங்கு குடியிருப்பவர்களைக் கொண்ட ஒரு வட்டாரச் சபையும் இருக்கிறது. யாரும் போகலாம். கடைசியாக நான் போனபோது பதினொரு பேர் இருந்தோம். எனக்கு 52 வயது. அங்கே நான்தான் இளந்தாரி. மூன்று முன்னுரிமைகளும் சைக்கிள் களவு, பிழையாக நிறுத்தும் கார்கள், பூங்காவில் நாய்கள் என்று முடிவாகின. எங்கள் வட்டாரத்தில் தமிழ் வீடுகள் குறைவில்லை. ஒரு தமிழ்த் தாயும் அங்கே இல்லை. தேர்த்திருவிழாவுக்குத் தெருவை மூடப் பொலிஸோடு ஆறு மாதம் முந்தியே பேசத் தெரிந்த எங்களுக்கு இது ஏனோ வருவதில்லை.

கூட்டம் முடிய சார்ஜனைப் பிடித்து, பள்ளிக்கூடம் விடும் நேரம் பஸ் தரிப்பிடத்தில் ஆள் நிற்பாட்ட ஏலாதா என்று கேட்டேன். மனுசன் நேர்மையாகத்தான் பதில் சொன்னார். அந்த நேரத்தில்தான் தங்களுக்கு வேலை முறை மாறுகிறது. இருக்கிற ஆட்களையும் அடிக்கடி மத்திய லண்டன் ஊர்வலங்களுக்கு எடுத்துவிடுகிறார்கள். சபை எழுத்தில் முன்னுரிமையாகக் கேட்டால் மேலிடத்தோடு வாதாடத் தனக்கு ஒரு பிடி இருக்கும் என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நாலு தாய்மாரும் இரண்டு ஏ லெவல் பிள்ளைகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தரிப்பிடத்தின் பெயர், மூன்றரை முதல் ஆறு மணி, கிழமை நாட்கள், நடந்து ரோந்து என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே பிள்ளைகள் தாங்களாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: வருகிற பொலிஸார் ஒவ்வொரு நாளும் அதே ஆட்களாக இருக்கவேண்டும், எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.